போயிட்டு வர்றேன் என்று சொல்லிப் போன கார்கள்

செம்மேட்டுப்பாளையத்தில் திருடு போன கார்கள் திரும்பி வரத் தொடங்கியது ஆடி மாதம் மூன்றாம் தேதி, காலையில் பால் வண்டி வந்து போன பிறகு என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து கிடையாது. ஏன் திரும்பி வந்தன என்பதில் மட்டும் வீட்டுக்கு ஒரு கருத்து இருந்தது, ஆனால் வந்த காரைக் கழுவித் துடைக்கிற வேலையே எல்லோருக்கும் சரியாக இருந்ததால் அதை யாரும் பெரிதாகத் துருவிக்கொண்டிருக்கவில்லை.

திரும்பி வந்தவை அத்தனையும் மயூரா கார்கள். செம்மேட்டுப்பாளையத்தில் ஒருத்தர் ஒன்றை வாங்கினால் அடுத்த முகூர்த்தத்துக்குள் ஊரே அதை வாங்கிவிடும், அப்படி நாற்பத்தோரு மயூராக்கள் அங்கே இருந்தன. எஞ்சின் நல்ல எஞ்சின், ஏசி பல்லைக் கிட்டவைக்கிற ஏசி, ஆனால் கம்பெனி போட்டு அனுப்பிய பூட்டு மட்டும் பேருக்குத்தான் பூட்டு. அது பக்கத்து வீட்டு பீரோ சாவிக்குத் திறந்தது, தலையில் குத்துகிற பின்னுக்குத் திறந்தது, குச்சி ஐஸ் தின்றுவிட்டு எறிகிற குச்சிக்கும் திறந்தது, ஒருமுறை ஒருவர் கதவுக்குப் பக்கத்தில் நின்று பலமாகத் தும்மியபோதும் திறந்தது. ஊர்க்காரர்கள் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கு எழுதினார்கள். 'உங்கள் வாகனம், உங்கள் கவனம்' என்று அச்சடித்த ஸ்டிக்கர் ஆளுக்கு ஒன்று வந்தது.

இப்படிப்பட்ட பூட்டு இருக்கிற ஊரைத் தேடித் திருடர்கள் வராமல் இருப்பார்களா, வந்தார்கள், அதுவும் பட்டப்பகலில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களும் அந்தப் பக்கத்து ஆட்களே என்பதால் மரியாதை தெரிந்தவர்கள். காரைத் திறந்து, உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, எதிர்வீட்டில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருக்கிற அம்மாவைப் பார்த்து, "போயிட்டு வர்றேனுங்க" என்று சொன்னார்கள். அந்த அம்மாவும், காரெடுத்துப் போகிற ஆளிடம் வேறென்ன சொல்ல முடியும், யாரோ மாப்பிள்ளை வீட்டுப் பையன் போலிருக்கிறது என்று நினைத்து, "போயிட்டு வாங்க சாமி" என்றாள். ஒன்பது வருடத்தில் முப்பத்திரண்டு கார்கள் இப்படி முறையாக வழியனுப்பி வைக்கப்பட்டுத் திருடு போயின.

பேருந்து நிலையத்துக்கு எதிரில் 'வசந்தாமணி கார் டெக்கர்ஸ்' என்ற கடை இருந்தது. வசந்தாமணிக்கு நாற்பத்து மூன்று வயது. சீட் கவர் தைப்பதில் அவளுக்கு இணையாக உடுமலை வரைக்கும் ஆள் கிடையாது. அதோடு கியர் லாக், ஸ்டியரிங் லாக், தொட்டால் அலறுகிற சைரன் என்று எல்லாமே வைத்திருந்தாள், மாட்டிக் கொடுக்கவும் செய்தாள். திருடர்கள் வர வர அவளுடைய கடையில் கூட்டம் ஏறியது. கம்பெனிப் பூட்டைத் திட்டுவதில் அவளுக்கு ஒரு சுகமே இருந்தது, திட்டிக்கொண்டே அவள் மாட்டிய கியர் லாக்குகள் பாதிக்குப் பாதி திருடர்களை வெறுங்கையோடு அனுப்பின.

ஆனால் ஊரில் முதன்முதலாகத் திருடு போன மயூரா அவளுடையதுதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலையில் அவளுடைய புருஷன் தெய்வசிகாமணி, கோயமுத்தூர் போய் ரெக்ஸின் வாங்கி வருவதாகச் சொல்லி, அவள் தையல் போட்டுச் சம்பாதித்து வாங்கிய காரில் ஏறி உட்கார்ந்து, "போயிட்டு வர்றேன் மணி" என்றான். வாயில் நான்கு குண்டூசியைக் கடித்துக்கொண்டிருந்த அவள் பல்லிடுக்கிலேயே, "ம், போயிட்டு வாங்க" என்றாள். அவன் போனான். பத்து நாள் பார்த்துவிட்டு அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது, ஏட்டு நாச்சிமுத்து பேனாவைத் திறந்து, "புருசனக் காணம்னு எழுதிக்கட்டுங்களா அம்மிணி" என்று கேட்டார். "காரக் காணம்னு எழுதுங்க" என்றாள் வசந்தாமணி. ஸ்டேஷனில் காணாமல் போன கார்களின் பதிவேட்டில் ஒன்றாம் எண் அதுதான். காரோடு போனவன் திரும்பவேயில்லை என்று தெரிந்த பிறகும் ஊர் அதே காரைத்தான் வரிசையாக வாங்கியது, நிற்காமல் ஓடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார்கள்.

ஆடி மூன்றாம் தேதி முதலில் வந்தது போன வாரம் திருடு போன கார். அதற்கடுத்த நாள் போன மாதம் திருடு போனது வந்தது, பிறகு அதற்கு முந்தைய மாதத்தது. கடைசியில் போனது முதலில், முதலில் போனது கடைசியில் என்று வந்த ஒழுங்கைப் பார்த்து ஏட்டு நாச்சிமுத்து பதிவேட்டைப் பின்னாலிருந்து திருப்பி டிக் அடித்துக்கொண்டு வந்தார். முப்பது வருட சர்வீஸில் அவருடைய ஸ்டேஷன் கண்டுபிடித்த முதல் கார்கள் இவை என்பதால் மீசையை நன்றாக ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

கார்கள் உள்ளே யார் இருந்தார்களோ அவர்களோடே வந்தன. சில திருடனோடு வந்தன, சில திருடனிடம் வாங்கியவரோடு வந்தன. ஒன்று மஞ்சள் பெயிண்ட் அடித்து டாக்ஸியாகி, உள்ளே இரண்டு வக்கீல்களோடு வந்தது. ஒன்றில் காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பமே ஒரு கிடாயோடு வந்து இறங்க, அந்தக் காதுகுத்து செம்மேட்டுப்பாளையத்திலேயே நடந்தது, தாய்மாமனை மட்டும் போன் செய்து வரவழைத்தார்கள். பிரித்து விற்கப்பட்ட ஒரு கார், நான்கு நாளைக்கு நான்கு தவணையாக, முதல் நாள் சக்கரங்களும் கடைசி நாள் ஹாரனுமாக வந்து சேர்ந்தது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும், பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் வண்டி கேட்கவில்லை என்று உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்.

வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகு கதவு திறக்காது. குச்சி ஐஸ் குச்சிக்குத் திறந்த அதே கதவு இப்போது கடப்பாறைக்கும் அசையாது. வீட்டு ஆள் யாராவது வெளியே வந்து, உள்ளே இருக்கிற ஆளைப் பார்த்து, "வாங்க" என்று சொன்னால்தான் திறக்கும். திருடனைப் போய் வாங்க என்று சொல்வதா என்று முதல் இரண்டு பேர் வீம்பு பிடித்துப் பார்த்தார்கள், கார் வேண்டுமே, சொன்னார்கள். வாங்க என்று சொல்லிவிட்ட பிறகு தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியாது, தண்ணீர் கொடுத்த பிறகு சாப்பிட்டாயா என்று கேட்காமல் இருக்க முடியாது, ஆகவே அந்த ஆடியிலும் ஆவணியிலும் செம்மேட்டுப்பாளையத்துத் திருடர்கள் அரிசிம்பருப்புச் சோறும் ரசமும் சாப்பிட்டு, நாச்சிமுத்துவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து மோர் கேட்டார்கள். "நான் வர்றேன்னு சொல்லிப்போட்டுத்தானுங்க போனேன்" என்று ஒரு திருடன் சொன்னான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பேங்க் மேனேஜர் கார் மட்டும் முறை வந்தும் வரவில்லை. மேனேஜர் மூன்று நாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். வசந்தாமணியின் கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற சுலோச்சனாதான் கடைசியில் தாங்க முடியாமல் அவளிடம் வந்து காதோரம் சொன்னாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிராதீங்க. அந்த வண்டிக்கு நீங்க சைரன் மாட்டி உட்டிருந்தீங்கல்ல. அது கத்துன கத்துல எனக்கு மண்டை வலி வந்துருச்சு. எடுத்துட்டுப் போனவன் என்னைப் பார்த்துப் போயிட்டு வர்றேன்னான். நானு, போய்த் தொலைடான்னு சொல்லிப்போட்டேன்."

"அப்ப போயிட்டு வான்னு சொல்லி அனுப்புன வண்டி மட்டும்தான் வருதா?"

"அப்படித்தானுங்க்கா தெரியுது."

வசந்தாமணியின் கையில் இருந்த கத்தரிக்கோல் துணியின் நடுவில் அப்படியே நின்றது. அவளுடைய வாயில் இருந்த அந்த நான்கு குண்டூசிகளும், பல்லிடுக்கில் சொன்ன அந்த வார்த்தையும் அவளுக்கு ஞாபகம் வந்தன. பதிவேடு பின்னாலிருந்து முன்னால் வந்துகொண்டிருக்கிறது. முன்னால் போகப் போக, ஒன்றாம் எண்ணில் நிற்பது தெய்வசிகாமணி.

ஊரும் அதைக் கணக்குப் போட்டுவிட்டிருந்தது. ஊருக்கு அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருடம் தாலியைக் கழற்றாமல் இருந்தாளே, அதற்குப் பலன் கிடைத்தது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் தாலியைக் கழற்றாமல் இருந்ததற்குக் காரணம், கழற்றினால் ஊர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லத் தையல் மெஷினை நிறுத்த வேண்டியிருக்குமே என்பதுதான், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆரத்தித் தட்டு யார் எடுப்பது என்று முடிவாயிற்று. கடைப் பலகையில் பழையபடி 'தெய்வசிகாமணி கார் டெக்கர்ஸ்' என்று எழுதிக் கொடுக்க ஒரு பெயிண்டர் தானாக முன்வந்து, அளவெடுத்துவிட்டும் போனார். அவளிடம் மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

தெய்வசிகாமணி கெட்டவன் இல்லை, அடித்தவன் இல்லை, குடித்தவனும் இல்லை. கடையின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் தைத்ததை எடுத்து வாடிக்கையாளரிடம் நீட்டி, "நம்ம தையல் எப்படி?" என்று கேட்பவன், அவ்வளவுதான். அவன் போன முதல் மாதம் அவள் அழுதாள். இரண்டாம் மாதம் டிரில் மெஷின் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். மூன்றாம் மாதம் ஒருநாள் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தாள், நன்றாக இருந்தது, அன்றிலிருந்து அது அவளுடைய நாற்காலி. இப்போது அவன் வந்து இறங்கினால் ஊர் முன்னால் அதைவிட்டு எழுந்து நிற்க வேண்டும். அதை நினைத்தபோது அவளுக்குப் பயமாகவே இருந்தது.

புரட்டாசி பதினெட்டாம் தேதி இரண்டாம் எண் கார் வந்தது. அன்று மாலையே வசந்தாமணி கடையிலிருந்த அத்தனை பூட்டுகளையும் எடுத்துக் கடைக்கும் வீட்டுக்கும் பொதுவாக இருந்த கேட்டில் மாட்டினாள், கியர் லாக்குகளைச் சங்கிலியில் கோத்து மாட்டினாள், மேலே இரண்டு சைரனையும் கட்டினாள்.

மறுநாள் காலை பத்து மணி சுமாருக்குக் கார் வந்தது. வெள்ளையாகப் போனது பச்சையாக வந்தது. சந்தையில் பார்த்தவர்கள் கூடவே ஓடி வந்தார்கள், ஆரத்தித் தட்டும் வந்தது, நாச்சிமுத்துவும் பதிவேட்டோடு வந்தார். கார் கேட்டுக்கு முன்னால் நின்றது. பூட்டுகளை அது சட்டைகூடச் செய்யவில்லை, உள்ளே வர முயற்சி செய்யவும் இல்லை, அழைக்கட்டும் என்று காத்திருந்தது. உள்ளே தெய்வசிகாமணி, முன்மண்டை வழுக்கையாகி, இன் பண்ணிய சட்டையோடு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வாங்கன்னு சொல்லு அம்மிணி" என்றார் நாச்சிமுத்து.

வசந்தாமணி சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் நிற்பதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை, சண்டை போட்டுக்கொண்ட பங்காளிகள்கூட வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கூட்டத்தில் சிலர் குச்சியும் பின்னும் கொண்டு கதவை நெம்பிப் பார்த்தார்கள். டீக்கடையிலிருந்து ஒருவர் கண்ணாடியின் இரண்டு விரல் சந்து வழியாக ஸ்ட்ரா போட்டு டீ கொடுத்தார். மணி பதினொன்று ஆயிற்று.

வசந்தாமணி கேட்டைத் தாண்டி வந்து அந்தச் சந்தின் பக்கத்தில் குனிந்தாள்.

"எங்கிருந்து வர்றீங்க?"

"தாராபுரம்."

அவள் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். பம்பாய் என்றும் துபாய் என்றும், சாமியாராகப் போய்விட்டான் என்றும் ஒன்பது வருடமாக ஊர் பேசிய இடங்கள் எல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தன. தாராபுரம் ஒரு மணி நேரம்கூட இல்லை, அங்கிருந்து டவுன் பஸ் வருகிறது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

பின் சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பையும் அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிபன் பாக்ஸும் இருந்தன.

"பாப்பாவை ஸ்கூல்ல எறக்கி உட்டேன் மணி" என்றான் அவன். "பைய எடுத்துக் குடுக்கறதுக்குள்ள வண்டி கெளம்பிருச்சு. பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு பெல் அடிச்சிருவாங்க. நானு வேணும்னு வரலை. நீ கோவிச்சுக்காத."

"எத்தனாவது படிக்குது?"

"ரெண்டாவது. பக்கத்துப் புள்ளைகிட்ட வாங்கிச் சாப்பிடாது, ரோசக்காரி."

வசந்தாமணிக்குக் கோபம் வரும் என்று ஊர் எதிர்பார்த்தது, அவளும்கூட எதிர்பார்த்தாள். வந்தது பெரிய நிம்மதி. இவனுக்கும் இங்கே இருக்க வேண்டாம், அவளுக்கும் இவன் வேண்டாம், இருவரையும் பிடித்து நிறுத்தியிருப்பது ஒன்பது வருடத்துக்கு முன்னால் சொன்ன இரண்டு வார்த்தையும் இங்கே கூடியிருக்கிற நூறு பேரும்தான். அவள் சுலோச்சனாவைப் பார்த்தாள். சுலோச்சனா மெல்லத் தலையை ஆட்டினாள்.

வசந்தாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "போங்க" என்றாள்.

கார் போகவில்லை. போங்க என்று பெண்டாட்டி சொன்னால் அது எத்தனை அர்த்தத்தில் வரும் என்று அந்தக் காருக்கும் தெரிந்திருந்தது போலிருக்கிறது, அது கொஞ்சம் முன்னால் நகர்ந்து அவளுடைய சேலையை உரசிக்கொண்டு நின்றது. கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள். வசந்தாமணிக்குக் காது சிவந்தது. புருஷனை ஒருமையில் பேசி அவளுக்குப் பழக்கம் இல்லை, அந்த 'ங்க'வை விடுவதற்கு ஒன்பது வருடம் போதவில்லை. வெறும் அந்த ஒற்றை எழுத்தையோ, சாவு வீட்டில்கூட வாசல்படியில் நின்று யாரும் யாரையும் பார்த்துச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் போனவர் திரும்ப மாட்டார் என்று அந்த ஊரில் நடக்கப் பழகுகிற குழந்தைக்கும் தெரியும்.

மணி பதினொன்று இருபது. டிபன் பாக்ஸின் மூடியில் ஒரு முயல் படம் ஒட்டியிருந்தது.

"போ" என்றாள் வசந்தாமணி.

ஆரத்தித் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதில் இருந்த கற்பூரம் கீழே விழுந்தது. நாச்சிமுத்து தொப்பியைக் கழற்றினார். கார் தானாக ஸ்டார்ட் ஆகி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. தெய்வசிகாமணியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், அவன் நன்றிப் பெருக்கில், பழக்க தோஷத்தில், கண்ணாடிச் சந்தில் வாயை வைத்து, "அப்ப சரி மணி, போயிட்டு வ..." என்று தொடங்க, வசந்தாமணி பாய்ந்து தன் உள்ளங்கையை அந்தச் சந்தின் மேல் அறைந்து பொத்தினாள். அவள் கையை எடுக்கவே இல்லை, கார் நகர நகரக் கூடவே நடந்தாள், நடந்துகொண்டே கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பேருந்து நிலைய முக்குவரை அப்படியே போனாள். அங்கே கார் வேகம் பிடித்தது, கையை எடுத்தாள்.

கார் பைபாஸ் ஏறுகிற இடத்தில் போய் நின்றுவிட்டது. வலது இண்டிகேட்டர் கண் சிமிட்டியது, பிறகு இடது, பிறகு மறுபடி வலது. பாதியில் நின்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று அதற்குத் தெரியவில்லை. ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. உள்ளே அவன் வாயைத் திறப்பதும் மூடுவதும், நெற்றியைத் துடைப்பதும், பின் சீட்டைத் திரும்பிப் பார்ப்பதும் இங்கிருந்தே தெரிந்தது. அவனுடைய அம்மா சின்ன வயதிலிருந்து, வர்றேன் என்று சேர்க்காமல் சொல்கிற அந்த வார்த்தைக்காகவே அவனை வாயில் அடித்து வளர்த்தவள் என்பது வசந்தாமணிக்குத் தெரியும். நீ சொல்லிருவே, சொல்லிரு, என்று அவள் மனசுக்குள் அவனுக்காக வேண்டிக்கொண்டாள், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவனுக்காக அவ்வளவு உருக்கமாக அவள் வேண்டியதே இல்லை.

பிறகு பைபாஸ் பக்கமிருந்து, லாரிகளின் சத்தத்துக்கு நடுவில், உடைந்த குரலில், "போறேன் மணி" என்று ஒரு கத்தல் கேட்டது. கார் தாராபுரம் ரோட்டில் திரும்பிப் போனது. புளியமரங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சைப் புள்ளியாகி, பிறகு புள்ளியும் இல்லாமல் போனது.

வசந்தாமணி கடைக்குத் திரும்பி நடந்தாள். கால்கள் லேசாக இருந்தன, கண்ணில் கொஞ்சம் தண்ணீரும் இருந்தது, இரண்டும் அவளுக்குப் பிடித்தே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். கூட்டம் மட்டும் கலையவில்லை. எப்படிக் கலைவது என்று தெரியாமல் நின்றது, ஏனென்றால் போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனால் திரும்பி வந்தாக வேண்டும், சொல்லாமல் போனால் மரியாதையில்லை. தவிர, இத்தனை பெரிய விஷயத்துக்குப் பிறகு இரண்டு கேள்வியாவது கேட்காமல் போக யாருக்கும் மனசும் வரவில்லை. பெயிண்டர் அளவு நாடாவோடு நின்றார். ஆரத்தித் தட்டு நின்றது. நூறு பேரும் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன் அம்மிணி, ஒரு வாய்த் தண்ணியாச்சும் குடுத்து..." என்று நாச்சிமுத்து ஆரம்பித்தார்.

வசந்தாமணி அவரைப் பார்த்தாள். பிறகு பெயிண்டரைப் பார்த்தாள், தட்டு வைத்திருந்த அம்மாவைப் பார்த்தாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மொத்தக் கூட்டத்தையும் நிதானமாக ஒருமுறை பார்த்தாள். பார்த்துவிட்டு, உதடுகளைக் குவித்து, வாயைத் திறக்கப் போனாள்.

நாச்சிமுத்துதான் முதலில் ஓடினார். அவருக்குப் பின்னால் பெயிண்டர், தட்டு, சந்தைக் கூட்டம் என்று செம்மேட்டுப்பாளையம் முழுவதும், காதைப் பொத்திக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு ஓடியது. சுலோச்சனா மட்டும் ஜெராக்ஸ் கடை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வசந்தாமணி குண்டூசி டப்பாவைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, பாதியில் விட்டிருந்த சீட் கவரை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள்.